கரையாது, உருகும்

மார்ச் 3, செவ்வாய்

மழை. காலையிலிருந்து கறுத்த வானம். சக்தியைச் சேமிக்கும் வேலை செய்கிறவள் இப்படிப் பேப்பரை வீணாக்கக் கூடாதுதான். மன்னிக்கவும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

மனேஜர் ஹெலன் கூப்பிட்டா. வியாழன் கூட்டத்தில் எங்கள் வெயில் மின் நிலையத் திட்டத்தின் உப்புப் பகுதியை நான்தான் சொல்ல வேண்டுமாம். பணம் போடுகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் இரண்டு மாதம் மொரோக்கோ பாலைவனத்தில் நின்று வேலை. போகிறாயா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது. மூன்று வருடமாக லண்டன் மழைக்குள் இருந்து வெயிலைக் கணக்குப் பார்க்கிறேன். பாலைவனத்தைக் கண்ணால் கண்டதில்லை.

அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?

கறுப்புச் சப்பாத்து அடி கழன்றுவிட்டது. ஒட்ட வேண்டும்.

மார்ச் 4, புதன்

மழை இல்லை, காற்று. இடியப்பம், சொதி. சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் ஒத்திகை. கண்ணாடிகள் வெயிலைக் கோபுர உச்சிக்குத் திருப்பும். அந்தச் சூட்டில் உப்பு உருகும். உருகிய உப்பைத் பெரிய தாங்கியில் நிரப்பி வைத்திருந்து, பொழுதுபட்ட பிறகு அதன் சூட்டில் நீராவி, கரண்ட்.

"உப்பு கரையும் பிள்ளை, உருகாது. கரைக்கிற தண்ணிக்கு அங்கை எங்கை போவியள்?"

"தண்ணி இல்லையம்மா. நெய் உருகிற மாதிரி. இருநூற்றைம்பது பாகைக்குக் கீழை விட்டால் குழாய்க்குள்ள உறைஞ்சு போகும்."

"அவ்வளவு சூட்டிலயும் குளிருதாமோ உங்கட உப்புக்கு?"

அப்பா தலை நிமிராமல்: "கூரையில சோலார் பனல் போட்டாக் காணாதோ? மலிவெல்லோ."

"பகலுக்குக் காணும். இரவுக்கு?"

கோப்பையைக் கழுவும்போது அப்பா: "சவுதியில நாலு வருசம் நிண்டனான். அந்த மணலுக்க மனுசர் நிக்க ஏலாது."

மொரோக்கோ என்ற சொல்லை நான் எடுக்கவேயில்லை. மோப்பம் பிடித்தாரோ.

மார்ச் 5, வியாழன்

வெயில். நம்ப முடியவில்லை.

கூட்டத்தில் முதல் கேள்வியே பனல். பகலில் பனல்தான் மலிவு, அதோடு நாங்கள் போட்டி போடக் கூடாது என்று நேராகச் சொன்னேன். ஹெலன் பேனையைக் கீழே வைத்தா. இரவுக்குத்தான் உப்பு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

அவர்களில் காசுக் கணக்குப் பார்க்கும் பெண்மணி மூன்று தரம் தண்ணீரையே கேட்டா. கண்ணாடித் தூசிக்கு அனேகமாக உலர்ந்த தூரிகைதான், கழுவக் கொஞ்சத் தண்ணீர் போதும் என்றேன். முகம் தெளியவில்லை. சட்டென்று சொதிக் கரண்டியோடு எங்கள் அம்மா கண்ணுக்குள். இவவும் உப்பைக் கரைக்கிறா!

"இது கரைவதில்லை, உருகுவது. வெண்ணெய் மாதிரி."

"அப்படியானால் நான் இவ்வளவு நேரமும் எந்தத் தண்ணீரைக் கேட்டேன்?" எல்லோரும் சிரிப்பு. அவதான் அதிகம் சிரித்தா.

சரி என்றுவிட்டார்கள். ஏப்ரலில் போகிறாயா என்று ஹெலன் கேட்க, "யெஸ்" என்பதற்குப் பதிலாக என் வாயில் "ஓம்" என்றுதான் வந்தது. மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பா.

ரயிலில் எதிரே இருந்த ஆளுக்கே சொல்லலாம் போல இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

தூறல். வெஸ்ட் ஈலிங் கோயிலால் வந்ததும் வீட்டில் சொன்னேன். அம்மா: "அங்கை சோறு கிடைக்குமோ?" அதுதான் அவவின் சம்மதம்.

அப்பா சாவிக் கொக்கியிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார். "ஹீத்ரோ ஜொப் ஒண்டு." போய்விட்டார்.

அவர் வாடகைக்கு ஓடும் மினிகாப்பில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் என் பட்டமளிப்புப் படம். எங்கள் குடும்பத்தின் முதல் தொப்பி. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகிற சனமெல்லாம் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பிள்ளை போகக் கூடாதாம்.

மார்ச் 8, ஞாயிறு

குளிர். உடுப்புத் தோய்க்கப் போட்டேன். அப்பா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில், ஃபோனில் சித்தப்பா. கதவடியில் நின்றுவிட்டேன்.

"ஓமடா, மொரோக்கோ. இல்லையடா மடையா, கரையாது, உருகும். நெய் மாதிரி. இரவிலயும் கரண்ட் வரும். எங்கட பிள்ளை சொல்லித்தானே அவங்கள் காசு போடுறாங்கள்."

கடைசி வசனம் நான் சொன்னதல்ல. நெய் அம்மாவுக்குச் சொன்னது. தலை நிமிராமல் எல்லாம் கேட்டிருக்கிறார்.

உள்ளே போனேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். செவ்வாயிலிருந்து அவரிடம் நேரே கேட்க வராததைக் கேட்டேன்:

"அப்பா, ஏப்ரலில ஒரு ஹீத்ரோ ஜொப் இருக்கு. காசு தரமாட்டன். வருவியளோ?"