போத்தலுக்குச் சொன்ன விலை

இலண்டன்
12.02.1959

அன்பின் தில்லை,

ஏடன் துறைமுகத்திலிருந்து நீ போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் இப்போது இரண்டு கடல்களுக்கு அப்பால். நீ மயிலிட்டியிலிருந்து சரக்குக் கப்பலுக்குப் போனாய். நான் பண்டத்தரிப்பிலிருந்து படிக்க வந்து, படிப்பை விட்டு வேறெங்கோ போய்விட்டேன்.

என்ன வேலை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். உனக்கு மட்டும் சொல்கிறேன். ஐயா இன்னமும் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர். மகனுக்குப் புத்தகக் கம்பனியில் வேலை என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். உண்மையில் நான் இருப்பது ஒரு வைன் வியாபாரியிடம். தொட்டி கழுவத்தான் சேர்ந்தேன். ஒருநாள் கெட்டுப்போன பீப்பாய் ஒன்றை மணத்திலேயே கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து சுவை பார்க்கும் மேசைக்கு ஏற்றிவிட்டார்கள். ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறது. வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்து, மணந்து, ஒரு மிடறு வாயில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, பிறகு மரத்தூள் பெட்டியில் துப்பிவிடுவோம். சிரிக்காதே. அதன் பிறகு விலை சொல்ல வேண்டும். முதல் விலையை என்னிடந்தான் கேட்பார்கள்.

நேற்று வந்த அவுஸ்திரேலியச் சிவப்பு அசல் பினாட்டு மணம், பனம்பழக் களியைப் பாயில் காயவைத்தால் வருமே, அதேதான். அதைத் துரைமாருக்கு எப்படிச் சொல்வது? அத்திப்பழம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இலண்டனுக்கு வந்தால் நேரே நான் வேலை செய்யும் கந்தோருக்கு வா. வழியில் நல்ல போத்தல் ஒன்று கண்டால் வாங்கி வா, இரண்டு பேரும் துப்பாமல் குடிப்போம்.

உன் நேசன்
(நேசராஜா)


ஒப்போர்ட்டோ துறைமுகம்
03.06.1959

அன்பு நண்பன் நேசனுக்கு,

உன் கடிதத்தைக் கப்பலில் பத்துத் தரம் வாசித்தேன். கூட வேலை செய்யும் கனிசியஸுக்கும் வாசித்துக் காட்டினேன். "உண்மையோ மச்சான்? வெள்ளைக்காரன் எங்கடை ஆளிட்டை விலை கேக்கிறானோ?" என்று அவன் வாய் பிளந்தான். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

போர்த்துக்கலில் ஐந்து நாள் நிற்கிறோம். மேட்டுத் தெருவில் ஒரு கிழவி போர்ட் வைன் விற்கிறாள். ஒரு பழைய போத்தலைத் திறந்து சிறு கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். நீ எழுதியபடியே செய்து பார்த்தேன். எனக்கு வறுத்த எள்ளும் பனங்கட்டியும் மணத்தது. சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும். மேலங்கி வாங்க வைத்திருந்த காசில் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிட்டேன். எனக்கு மேலங்கி அடுத்த குளிருக்குப் பார்க்கலாம்.

இந்த மாதக் கடைசியில் இலண்டனில் இருப்பேன்.

இப்படிக்கு
உன் தில்லைநாதன்


இலண்டன்
20.07.1959

அன்பின் தில்லை,

நீ சொல்லாமலே போய்விட்டாய். அன்று அறையில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். உனக்கு அது விளங்கியிருக்கும். சற்று வெளியே நின்றிருந்தால் ஒரு மணிக்கு வந்து உன்னைச் சாப்பிடக் கூட்டிப் போயிருப்பேன். துறைமுகத்துக்கு மறுநாள் வந்தேன். கப்பல் புறப்பட்டுவிட்டது என்றார்கள்.

இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டதாக எழுது.

நேசன்


இலண்டன்
15.11.1959

தில்லை,

நான்கு மாதமாகப் பதில் இல்லை. போன கடிதத்தில் நான் எழுதியது பொய். துறைமுகத்துக்கு நான் வரவே இல்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நானே என் கையால் எழுத வேண்டும்.

அன்று முதலாளியும் இரண்டு ஹோட்டல்காரரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். நீ கதவடியில் நின்றாய். நீலச் சட்டை, கையில் தொப்பி, பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தல். "நேசன்!" என்று தமிழில் கூப்பிட்டாய். யார் அது என்று முதலாளி கேட்டார். "யாரோ கப்பல்காரன், எதையோ விற்க வந்திருக்கிறான்" என்றேன். உனக்கு ஆங்கிலம் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

முதலாளி விளையாட்டாக உன் போத்தலைத் திறந்து என் முன்னால் ஊற்றினார். தில்லை, அது நல்ல வைன். நீ எழுதிய வறுத்த எள், பனங்கட்டி, அப்படியே இருந்தது. அந்த அறையில் இருந்த எல்லா மூக்கையும்விட உன் மூக்குச் சரி. நல்லது என்று சொன்னால் உன்னை உள்ளே அழைப்பார்கள், எங்கே வாங்கினாய், இவனை எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆறு வருடமாக அவர்களைப் போல உடுத்து, அவர்களைப் போலக் கதைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்று பயந்தேன். "இரண்டு சிலிங். சமையலுக்கு ஆகும்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ என்னைப் பார்த்து "தாங்க் யூ, சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நீ போன பிறகு முதலாளி அதில் ஒரு மிடறு எடுத்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது நான் விலை சொன்னால், இன்னொருவரிடமும் கேட்கிறார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நேசராஜா


மயிலிட்டி
02.02.1960

நேசராஜாவுக்கு,

லீவில் வந்திருக்கிறேன். உன் கடிதம் கைக்கு வந்தது. வைன் நல்லது என்று நீ எழுதியதை வாசித்தபோது கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அது கூடாத வைன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்து வாங்கிய மடையன் நான், நீ உன் தொழிலைத்தான் செய்தாய் என்று என்னைத் தேற்றி வைத்திருந்தேன். அதையும் கெடுத்துவிட்டாய்.

நானும் ஒரு பொய் சொன்னேன். அன்று கப்பலுக்குத் திரும்பியதும் கனிசியஸ் ஓடிவந்து, "என்னவாம் உன்ரை சிநேகிதன்?" என்று கேட்டான். எப்படிச் சொல்வது? நீ எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாய், துரைமாருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினாய், எல்லாரும் என் போத்தலை மெச்சிக் குடித்தார்கள் என்றேன். பிறகு அம்மாவுக்கும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. அவ மயிலிட்டி முழுக்கச் சொல்லிவிட்டா. கோயிலில் உன் பெயருக்கு அருச்சனையும் செய்தா.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ ஊருக்கு வந்து, அம்மா உன்னைக் கண்டு கேட்டால், ஓம் என்று சொல். அவவுக்கு முன்னால் என்னைப் பொய்யனாக்காதே. எனக்கு இனி எழுத வேண்டாம்.

தில்லைநாதன்


பண்டத்தரிப்பு
28.08.1961

தில்லை,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாசி.

ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று தந்தி வந்து, மூன்று கிழமையாக இங்கே நிற்கிறேன். ஒன்பது நாளுக்கு முன், சனிக்கிழமை, உன் அம்மா பஸ் ஏறி வந்தார். இதற்கு முன் எத்தனை தரம் வந்திருப்பார்! எங்கள் முற்றத்தில் நின்றுதான் கதைத்திருக்கிறார். யாரும் உள்ளே வா என்று சொன்னதில்லை. நீயும் அந்த முற்றத்தோடுதான் நின்றாய். ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிறு தோறும் பிரசங்கம் கேட்டும் சாதியை விடாத வீடு இது.

அவர் முற்றத்தில் நின்றபடியே ஐயாவிடம் சொல்லத் தொடங்கினார். "ஐயா, உங்கடை பிள்ளை லண்டனிலை என்ரை பிள்ளையைத் துரைமாரோடை சரியாசனமாய் இருத்தி, அவன் கொண்டுபோன வைனை மேசையிலை வைச்சுக் குடிச்சதாம். அதைச் சொல்லிக் கும்பிட்டுட்டுப் போகத்தான் வந்தனான்." பிறகு என்னைப் பார்த்து, "உண்மைதானே தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன்.

வைன் என்ற சொல் ஐயாவின் காதில் விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், இனி எழும்பித் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் உன் அம்மா பக்கம் திரும்பினார். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ. வந்து கதிரையிலை இருங்கோ. என்ரை மகனுக்கு இருந்த மனம் எனக்கு இவ்வளவு காலமும் இல்லாமல் போச்சு" என்றார். அக்கா மார்கிரட் எங்கள் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தா. உன் அம்மா கதிரை விளிம்பில் இருந்து, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார். போகும்போது என் தலையைத் தடவினார். அந்தக் கை பட்டபோது நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

உன் அம்மாவிடம் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் ஐயா ஒரு கிழமையாக வருகிறவர்களுக்கெல்லாம் என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகக் கம்பனி, வைன், நீ கதவடியில் நின்றது, இரண்டு சிலிங், நான் சிரித்தது, எதையும் விடவில்லை. உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அழுதாரோ என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்:

"அந்த மனிசி இனியும் வருவா. வந்தால் கதிரையிலைதான் இருப்பா, அதிலை மாற்றமில்லை. நீ வந்தால் என்ன செய்யிறதெண்டு நான் யோசிக்க வேணும்."

நாளை யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறேன்.

நேசராஜா