மைதானத்துக்கு வராத நிருபர்

மார்ச் 3, ஞாயிறு
எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. பேசினால் இந்த போனே எழுதிக்கொள்கிறது. இன்று எங்கள் அணிக்கு 0–3, தோல்வி. கால்பந்து மைதானத்தில் எண் பலகை மாட்ட வந்து நாற்பத்தொரு வருடம். எந்த வருடம், எந்த நிமிடம், யார் காலில் பட்டுக் கோல் விழுந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அதனால்தான் விளையாட்டு நிருபரான என் மருமகன் மைதானம் பக்கமே வருவதில்லை. ஆட்டம் முடிந்ததும் போன் செய்வான். நான் சொல்வேன், அவன் எழுதுவான்.

"மூணாவது கோலை எப்படி விட்டாரு, மாமா?"

"நம்ம கீப்பரா? காசு வாங்கினவன் மாதிரி நின்னான்!"

சிரித்தான். நானும் சிரித்தேன். எதிர்வெயில் கீப்பர் கண்ணில் அடித்ததைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

மார்ச் 4
டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். "கோல்கீப்பர் விலைபோனாரா? நேரில் பார்த்தவர்கள் சந்தேகம்." பார்த்தவர்களாம்! நான் ஒருத்தன்தானே?

மார்ச் 5
கீப்பரை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணையாம். பேப்பரில் வந்த அந்தச் செய்தியை எனக்கே நாலு பேர் போனில் அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 6
மகள் வீட்டில்தான் எனக்கும் சோறு. சாப்பிடும்போது மருமகனிடம் கேட்டேன்.

"கிண்டலுக்குச் சொன்னதை இப்படிப் போட்டுட்டியேப்பா?"

"நான் எழுதினதுல அதிகம் பேர் படிச்சது இதுதான், மாமா. மறுப்புப் போட்டா, அன்னைக்கு நீ எங்கடா இருந்தேன்னு கேப்பாங்க. உங்க பொண்ணு நடுத்தெருவுல நிக்கணுமா?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 7
சாப்பிட்டேன். படுத்தேன்.

மார்ச் 8
கீப்பர் தன் சாமான்களை எடுத்துப் போக வந்தான்.

"வெயில் கண்ணுல அடிச்சதை நீங்க பாத்தீங்கதானே, ஐயா?"

"பாத்தேன்."

"என் பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது."

அவன் பையைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போனேன். வேறென்ன செய்வது?

மார்ச் 11
பத்திரிகை ஆபீசுக்குப் போய் ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

"உங்க நிருபர் அங்க இல்லைங்க. நான்தான் இருந்தேன். அது வெறும் கிண்டல்."

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வருஷமா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் யோசித்தார். "அப்ப இனிமே நீங்களே நேரா எங்களுக்கு போன் பண்ணிடுங்களேன், பெரியவரே. இன்னொரு ஆள் எதுக்கு?"

மார்ச் 12
மருமகனுக்கு வேலை போய்விட்டது. மகள் சோற்றை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 24, ஞாயிறு
எட்டாம் பக்கத்தில் மூன்று வரி மறுப்பு வந்ததாம். அதை எனக்கு யாரும் அனுப்பவில்லை. கீப்பரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், இறக்கவில்லை. ஆபீசுக்கு நான் போன் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை.

மருமகன் வந்திருந்தான். பலகைக்குக் கீழே உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்தான். நடுவில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து கேட்டான்.

"இவ்வளவு வேகமாவா நடக்கும், மாமா?"

"ஆமாப்பா" என்றேன்.