தூசி அலர்ஜி

நெய்வேலி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் செங்குட்டுவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அது பொய்யாகிவிடும், நலமில்லை என்று எழுதினால் நீ பயந்துபோவாய், அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய், கடிதத்தில் அது முடியாது. தபாலில் போட்டால் போலந்து வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, அதனால் எதிர்வீட்டு மாணிக்கம்மாளின் மருமகளிடம் கொடுத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மூக்கில் கண்ணாடி நிற்காது, இடது கையால் அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். அரைப் பக்கத்துக்கு ஒருமுறை கை மரத்துவிடுகிறது.

எனக்கு என்ன செய்தார்கள் என்று நீ முழுதாகக் கேட்கவே இல்லை. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா என்றாய், முடிந்தது என்றேன், அத்தோடு விட்டுவிட்டாய். மூக்கின் இடது மடலில் இருந்த அந்தக் கறுப்பு மருவை நீயும் பார்த்திருக்கிறாய். இருபத்தாறு வருஷம் டவுன்ஷிப் பூங்காக்களில் கான்ட்ராக்ட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டவளுக்கு முகத்தில் கறுப்பு விழுந்தால் அது வெயில் என்றுதான் நினைத்தேன். முந்திரி விளையும் காடாம்புலியூரில் பிறந்தவளுக்கு மருவுக்கு வைத்தியம் சொல்ல ஆள் வேண்டுமா? முந்திரிக்கொட்டைத் தோட்டில் வடியும் பாலை ஈர்க்குச்சியில் தொட்டு வைத்தேன். சுட்டது, பொருக்குத் தட்டியது, உதிர்ந்தது, போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆறு மாதத்தில் திரும்ப வந்தது, திரும்பச் சுட்டேன். இப்படி மூன்று தடவை. மேலே நான் சுடச்சுட அது உள்ளே அகலமாகிக்கொண்டே இருந்திருக்கிறது. புதுச்சேரி டாக்டர் அம்மா, இது தோல் புற்று, உடம்பெல்லாம் ஓடாது, ஆனால் நிற்கிற இடத்தைத் தின்னும் என்று சொல்லிவிட்டு, ஏம்மா, முந்திரிப்பாலை மூஞ்சியில யாராச்சும் வைப்பாங்களா என்று திட்டினார்கள். எங்க ஊர்ல எல்லாரும் வைப்பாங்க என்றேன். தப்பு என்னுடையதுதான், அதை யார் தலையிலும் நான் போடவில்லை.

மடலை முழுதும் எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டையை மூட என் நெற்றித் தோலையே மூன்று பக்கம் அறுத்து, புருவத்துப் பக்கம் மட்டும் அறுக்காமல் விட்டு, முறுக்கிக் கீழே இறக்கி மூக்கில் தைத்திருக்கிறார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க வலது காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது என் புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு விரல் கனத்துக்குத் தோல் பட்டை தொங்குகிறது, யானைக்குட்டி மாதிரி. மூன்று வாரம் அது அப்படியே இருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் மூக்குக்கு ரத்தம் போகிறது. மூக்கு தானாக ரத்தம் பிடித்துக்கொண்ட பிறகு பட்டையை வெட்டிவிடுவார்கள். ஒரு வேடிக்கை, மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில் ஊர்கிற மாதிரி இருக்கிறது. நெற்றியில் அடித்துக்கொள்கிறேன், ஈ மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஒரு ஆள் இல்லை. மாணிக்கம்மாள் இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்து வைக்கிறாள், ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறாள். கூட வேலை செய்தவர்கள் தெரு முனையிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். காலை ஷிப்ட் பஸ், மதிய ஷிப்ட் பஸ், இரவு ஷிப்ட் பஸ், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஒரு நாள் போனதென்று தெரிந்துகொள்கிறேன். உன் அப்பா போன ஆறு வருஷத்தில் இப்படி இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நீ வீடியோவில் கூப்பிட்டாய். ஒரு நிமிஷம்கூட இருக்காது, நெட் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ வீடியோவில் வரவே இல்லை, குரல் மட்டும்தான். அன்று நெட் போனது உன் பக்கமா என் பக்கமா என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் தை மாதம் உன் நிச்சயத்துக்கு வரும்போது மாஸ்க் போட்டுக்கினு வாம்மா, இப்பவே போட்டுப் பழகிக்க, பொண்ணு வீட்டுக்காரங்க கம்பெனியில பெர்மனன்ட் ஆளுங்க, பெரிய குவார்ட்டர்ஸ், நாலு பேர் பாப்பாங்க என்று சொன்னாயே, அது காதிலேயே நிற்கிறது. தாலி இழந்தவள் என்று சபையில் என்னை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள் என்று நினைத்து அதற்கு ஒரு சண்டையைத் தயாராக வைத்திருந்தேன். என் பிள்ளையே ஒதுக்குவான் என்று நினைக்கவில்லை. ஒன்று தெரிந்துகொள். இந்தப் பட்டைமேல் எதுவும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் ரத்தம் நின்று மூக்கு கறுத்துச் செத்துப்போகும் என்று டாக்டர் அம்மா பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்கள். நீ கேட்டிருந்தால் உனக்கும் சொல்லியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சண்முகசுந்தரமும் பார்வதி அம்மாவும் ஆப்பிள், மாதுளை எல்லாம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் வந்து நின்றார்கள், உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள். நான் திறந்த முகத்தோடு கதவைத் திறந்தேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தூசி அலர்ஜின்னுல்லா மாப்ள சொன்னாவ என்றார்கள் திருநெல்வேலிப் பேச்சில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூசி அலர்ஜிக்கு நெத்திய அறுப்பாங்களாங்க, இது புத்துநோயி, வெட்டி எடுத்துட்டாங்க என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சண்முகசுந்தரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியைப் பாதி குடித்துவிட்டு, உடம்பப் பாத்துக்கிடுங்க என்று சொல்லிப் போய்விட்டார்கள். நாலு நாள் ஒரு சேதியும் இல்லை. சம்பந்தம் முறிந்தது, என் மூஞ்சியால் முறிந்தது என்று நினைத்தேன். உனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லக்கூட மனது வரவில்லை, தப்போ சரியோ, கோபம் அப்படி.

நேற்று சாயங்காலம் அவர்கள் பெண் வளர்மதி தனியாக வந்தது. வடலூரில் பேங்க் முடிந்து நேராக இங்கேதான். வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து முகத்தை நேராகப் பார்த்தது, எங்கே தைத்திருக்கிறார்கள், தூங்கும்போது எப்படிப் படுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஈ கதையைச் சொன்னேன், வாய்விட்டுச் சிரித்தது. இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அப்புறம் சட்டென்று அழுதது. அத்தை, என்கிட்டயும் அலர்ஜின்னுதான் அவர் சொன்னார், தினமும் ஒரு மணி நேரம் பேசுறோம், ஒரு நாள்கூட சொல்லல என்றது. நாளைக்கு எனக்கு மார்ல ஒன்னு, மூஞ்சில ஒன்னு வந்தா என்னையும் அலர்ஜின்னு சொல்லி உள்ள உக்கார வெச்சிடுவாரா என்று கேட்டது. என் புள்ள அப்படிப்பட்டவன் இல்லம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செங்குட்டுவா, வரவில்லை. பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவனையே கேளு என்றேன். நான் கேக்க மாட்டேன், அவரா சொல்லட்டும், அப்பா அம்மாகிட்டயும் அவரே சொல்லட்டும், அதுக்கப்புறம்தான் நிச்சயத்தப் பத்திப் பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனது. என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் பின்வாங்கவில்லை. நீ அதை மூடி மறைத்தாயே, அதைப் பார்த்துத்தான் யோசிக்கிறது.

உனக்காக நான் போய்ச் சமாதானம் பேச மாட்டேன். பள்ளிக்கூடம் போகாமல் பஸ் போர்டையும் டவுன்ஷிப்பில் பிளாக் நம்பர் எழுதிய போர்டையும் பார்த்து எழுத்துக் கற்றவள் நான், யாரிடமும் போய் நிற்கிற வழக்கம் எனக்கில்லை. உன் வாயால் சொல், அம்மாவுக்குப் புற்றுநோய், நான் வெட்கப்பட்டு மறைத்தேன் என்று சொல். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். நல்ல பெண்ணடா, விட்டுவிடாதே.

கம்பளிக் குல்லாவை மறக்காமல் போட்டுக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும், வளர்மதியோடு வாழ வேண்டும். வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டையை வெட்டுகிறார்கள், மாணிக்கம்மாள் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு முகம் ஓரளவுக்குச் சரியாகிவிடுமாம். அதற்கு முன்னால் வீடியோவில் கூப்பிடு. நான் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். நெட் போனால் திரும்பக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. அம்சவல்லி