பாரோமீட்டரை உடைத்தது யார்?

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலமாகவே இருக்கிறோம் என்று நினைக்கிறேன். அம்மாவைப் பற்றிச் சந்தேகமில்லை, என் முழங்கால்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்ற கவலையில்தான் பேனாவை எடுத்தேன். எழுதும் வேகத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டுச் செய்தி.
2. கீழ்வீட்டுத் தையல்காரருக்கு நேர்ந்ததும், அதன்பின் நான் செய்த ஏற்பாடுகளும்.
3. ஞாயிற்றுக்கிழமை உன் குரலில் பேசியது நீ இல்லை என்பதற்கான சான்று.
4. உனக்குச் சில யோசனைகள்.

குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது, இப்போது அம்மாவுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், உடைந்த பாரோமீட்டரை அப்போதாவது தூக்கிப் போடலாம் என்றார் அடிக்க வந்தவர், எனக்கு மனம் வரவில்லை, துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டேன். முள் இன்னமும் ‘மழை’யிலேயே நிற்கிறது. வேலைக்காலம் முழுவதும் வானிலை அலுவலகத்தில் இருந்தவன் வீட்டுக்குள் வருஷம் பூராவும் மழை என்று வருகிறவர்களெல்லாம் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தையல்காரர் விஷயம் இது. போன மாதம் அவர் மகன் குரலிலேயே ஒரு அழைப்பு வந்து, அப்பா உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சட்டுனு சொல்லுங்க என்றதாம். மனிதர் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவ்வளவுதான், போனில் அவர் செய்தி அனுப்பும் கணக்கு கைமாறிப்போய், அவர் பெயரில் தெருவுக்கே ‘அவசரம், உதவி வேண்டும்’ என்று செய்தி பறந்தது. எனக்கும் வந்தது. பதில் போடாமல் நேரே கீழே இறங்கிப் போய், என்ன அவசரம் என்று கேட்டேன். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே, எனக்கென்ன சார் அவசரம், நீங்கதான் சட்டையைக் குடுத்துட்டு அவசரப்படுத்துறீங்க என்றார். அப்புறம்தான் இருவருக்கும் புரிந்தது. பாவம், நாலு நாள் வீடு வீடாகப் போய், நான் கேக்கலை, நான் கேக்கலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதைப் பார்த்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல் உன் பெயராக இருந்ததை மாற்றி எவனும் ஊகிக்க முடியாததாக வைத்தேன். இப்போது என்னாலேயே ஊகிக்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, திருடன் உள்ள வர முடியாது, சரிங்க, ஆனா நாமளும் வெளியதானே நிக்கறோம் என்றாள். அவளுக்கு இதெல்லாம் விளையாட்டு. காய்கறிக் கடையில் நின்றுகொண்டு, என்னங்க, போன் பூட்டோட நம்பர் உங்க பொறந்த வருஷம்தானே என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்துகிறவள் அவள். அதையும் மாற்றிவிட்டேன்.

இனி மூன்றாவது. நீ போன விடுமுறையில் வந்திருந்தபோது நான் செய்து வைத்த ஏற்பாடு நினைவிருக்கும். புதிய எண்ணிலிருந்து நம்மில் யாராவது பேசினால், பாரோமீட்டரை உடைத்தது யார் என்று கேட்க வேண்டும், வீட்டு ஆட்களுக்கு மட்டுமே பதில் தெரியும். அப்படிக் கேட்கும்போது தவிர, பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்லவோ எழுதவோ கூடாது என்று அன்றே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், எனவே இங்கேயும் எழுதவில்லை. ஞாயிறு காலை தெரியாத எண் ஒன்றிலிருந்து, அப்பா, நான்தான் வாலு, நம்பர் மாத்திட்டேன், அந்த இடமாற்றம் கேட்டிருந்தேனே, என்று அப்படியே உன் குரல். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நம் கேள்வியைக் கேட்டேன். ஐயோ அப்பா, இப்பவா என்று ஒரு சிரிப்பு, அப்புறம், சரி, அம்மாதான், போதுமா என்றது அந்தக் குரல். அப்பட்டமான தவறு. உடனே துண்டித்து, அந்த எண் இனி வராதபடி தடுத்துவிட்டேன். உன் பழைய எண்ணுக்கு அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது, அதையும் அந்த ஆளே பறித்திருக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கமே நீ இடமாற்றம் கேட்டிருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். நீயேதான் ‘எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று இணையத்தில் ஊருக்கே அறிவித்திருந்தாயே. ஆக, பேசியது மோசடிக்காரன், இதில் சந்தேகமே இல்லை. உன் பெயரில் அங்கே என்னென்ன நடக்கிறதோ என்றுதான் என் பயமெல்லாம்.

நான்காவது, யோசனைகள். உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் போட்டிருந்தாய், சாவியின் பல்லெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, எடுத்துவிடு. பயணச்சீட்டைப் படம் பிடித்துப் போடாதே. வீட்டில் ஆள் இல்லை என்பதைத் திரும்பி வந்தபிறகு சொன்னால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதே. யார் அவசரப்படுத்தினாலும் நீ அவசரப்படாதே, போனை வைத்துவிட்டு உனக்குத் தெரிந்த எண்ணில் நீயே திருப்பி அழைத்துக் கேள். மாப்பிள்ளைக்கும் சொல், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் தையல்காரர் கடை எண்ணுக்கு அழை, அது இப்போது பத்திரமாக இருக்கிறது. சாவிப் படத்தை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: வழக்கம்போல் பிழை பார்க்க அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அம்மாதான்’ என்ற இடம் வந்ததும் தலையணை உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. ஒரு கரப்பான்பூச்சியைத் துடைப்பத்தால் துரத்தியபோது பாரோமீட்டரில் பட்டுவிட்டதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ, விடும்மா, நான் பந்து எறிஞ்சேன்னு சொல்லிக்கறேன், என்னை அப்பா திட்டவே மாட்டார் என்றாயாம். உண்மைதான், கையில் கண்ணாடி குத்திற்றா என்று மட்டும்தான் கேட்டேன். ஏண்டி இத்தனை வருஷம் சொல்லலை என்றேன். நீங்க கேக்கவே இல்லையேங்க என்கிறாள். கேள்வியை உண்டாக்கிய நான் பதிலைச் சரிபார்க்கவே இல்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் ‘மழை பெய்யலாம்’ என்றே எழுதிப் பிழைத்தவன், முதல் தடவையாகச் ‘சந்தேகமே இல்லை’ என்று எழுதினேன், பார். தடுத்த எண்ணைத் திறக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. நாளை போன் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பேன், போகிற வழியில் இதையும் தபாலில் சேர்ப்பேன், நீ சிரிக்கவாவது ஆகும். அம்மா இப்போதே உன் அறையை உனக்காக ஒழித்து வைக்கக் கிளம்பிவிட்டாள். அதற்குள்ளாகவா என்றால், அவ குரல்ல சந்தோஷம் இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்கிறாள். இருந்தது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, வாலு. பேசியது நீதான். இடமாற்றம் கிடைத்துவிட்டதா?

பாரோமீட்டரை உடைக்காத மகளுக்கு,
அப்பா