பத்தாவது ஆள்

பிப்ரவரி 4, செவ்வாய்

கூட்டத்துக்கு இன்று ஆறு பேர். நாற்காலி முப்பது. அதற்கும் நீட்டி முழக்கி ஒரு வரவேற்புரை. யாரை வரவேற்றார்களோ!

மாதக் கடைசிக்குள் பத்து உறுப்பினர் இல்லாவிட்டால் எங்கள் சேவைச் சங்கத்தைக் கலைத்துவிடுவதாகத் தலைமையகம் சொல்லிவிட்டது. இப்போது ஒன்பது பேர். பல் டாக்டர் போனது போதாதென்று டியூஷன் வாத்தியாரும் நழுவிவிட்டார்.

சங்கம் போனால் ஆஸ்பத்திரி அனுமதியும் போகும். துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்கு மதியச் சாப்பாடு ஊட்ட எங்களை உள்ளே விடுவது சங்கத்து அட்டையைப் பார்த்துத்தான். நாங்கள் செய்கிற உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பிப்ரவரி 6

மதிய இடைவேளையில் வங்கியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் பஸ் டிரைவருக்கு ஊட்டினேன். பக்கவாதம், வலது பக்கம் வராது. வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்கிறார். நான் "ரைட்" என்று குரல் கொடுத்தால்தான் திறப்பார். எனக்குக் 'கண்டக்டரம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார். இன்று தட்டு காலி. கவுண்டருக்குத் திரும்பத் தாமதம். மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

பிப்ரவரி 11

வெல்டரைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். போன வருடம் சேர்ந்தவர், சில கூட்டங்களுக்குப் பிறகு ஆளே இல்லை. அவர் திரும்பினால் பத்தாகிவிடும். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"எங்கம்மா அந்த வார்டுலதான் கெடந்தாங்கக்கா. நான் வேலைக்குப் போயிட்டா யாருமில்ல. உங்க ஆளு ஒருத்தர்தான் ஊட்டிவிட்டாரு. அதுக்காகத்தான் சேர்ந்தேன். நீங்க பேட்ஜ் குத்தி, போட்டோ எடுத்து, ஆறு மாசம் சும்மா உக்காருன்னுட்டீங்க. உக்கார எங்க வீட்லயே நாற்காலி இருக்குக்கா."

ஆறு மாதம் கூட்டத்துக்கு வந்தவருக்குத்தான் வார்டு அட்டை என்பது எங்கள் வழக்கம். எடுத்த எடுப்பில் வேலை கொடுத்தால் புது ஆள் மிரண்டு ஓடிவிடுவாராம். வேலை கொடுக்காமலே எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறோம்!

வெல்டருக்கு உடனே அட்டை கொடுத்தால் வருவார் என்று தலைவரிடம் போனில் மன்றாடினேன். "வழக்கத்த மாத்த முடியாதும்மா. ஆளுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

பிப்ரவரி 25

தலைவர் ஏற்பாடு செய்த லட்சணம் – அவருடைய மச்சான், சம்பந்தி, வெளிநாட்டிலிருக்கும் மகன். சங்கம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. செயலாளராக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வெல்டர் பெயரையாவது சேருங்கள் என்றேன். "கூட்டத்துக்கே வராதவர எப்படிம்மா?" மச்சான் மட்டும் தவறாமல் வந்தாராக்கும்!

"ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சிடப்போவுது?"

போடவில்லை. கள்ளக் கையெழுத்தைப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

மார்ச் 1

சங்கம் கலைந்தது.

மார்ச் 3

வார்டு வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். அட்டை செல்லாதாம். நல்ல மனிதர்தான், அவருக்கே சங்கடமாக இருந்தது. "சொந்தக்காரங்கன்னா வேளைக்கு ஒருத்தர விடலாம்மா. டிரைவருக்கு நீங்க என்ன வேணும்?"

"சொந்தம் ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6

பெரிய டாக்டரிடமிருந்து பதில் இல்லை. வீட்டுக்காரர் சொல்கிறார்: "ஏதாவது சொந்தம்னு சொல்லிட்டு உள்ள போயேன். யாரு நோண்டப்போறா?" சண்டை போட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால் தலைவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 9

வெளியே வந்த நர்ஸை மடக்கி விசாரித்தேன். "வாயே தொறக்க மாட்டேங்கறாரும்மா. மூக்குல குழாய் போட்டிருக்கோம். அதையும் புடுங்கறாருன்னு கையக் கட்டிவெச்சிருக்கு."

அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான். "ரைட்னு சொல்லிப் பாருங்க" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 14

டிரைவர் போய்விட்டார். நிமோனியாவாம். இருக்கலாம். நான் வாசலில் நின்றதுதான் காரணமென்று எந்த டாக்டரும் எழுத மாட்டார்.

அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தலையா போயிருக்கும்? பெரிய நேர்மைக்காரி! அவரு வாயத் தொறக்கலன்னு சொன்னாங்களே – நான் தொறந்தேனா?

மார்ச் 15

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 24

வெல்டர் வங்கிக்கு வந்திருந்தார். என்னைப் பார்க்கத்தான்.

"டிரைவர் விஷயம் கேள்விப்பட்டுதான் வார்டுக்குப் போனேன்கா. பொம்பளைங்க பகுதியில ஒரு அம்மா, கண்ணு தெரியாது. தட்டு வெச்சது வெச்சபடி இருந்துது. இப்ப தெனமும் காலைல நான் போயிடறேன், மகன்னு சொல்லிட்டு. மத்தியானந்தான் என்னால முடியல."

என் முகத்தைப் பார்க்காமல், டோக்கன் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்குள் மெஷின் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டது.

மார்ச் 25

"அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று காவலாளி கேட்டார்.

"தங்கச்சி."

வருடக்கணக்காக என்னை அவருக்குத் தெரியும். "காலைல உங்கக்கா மகன் வந்துட்டுப் போனாரு" என்று சொல்லி வழிவிட்டார்.

அந்த அம்மா என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, "யாரது?" என்றார். அவரிடமும் அதையே சொன்னேன்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதே" என்றவர், வாயைத் திறந்தார்.