அவிழ்க்காத காப்பு

சாக்கோட்டை
வைகாசி 4

அன்பு மகள் சத்தியப்பிரியாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. ஜெர்மனியில் குளிர் குறைந்திருக்கும். இதைப் போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

மாசியில் இங்கே மருத்துவ முகாம் நடந்தது. உங்கள் ஆய்வகத்துக் கருவி என்றதும் அம்மாதான் முதல் ஆளாகப் போனாள். கருப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதாம். கருவிக்குள்ளே ஒற்றை இழை டி.என்.ஏ. காத்திருக்கும், கிருமியின் இழை சரியாகப் பொருந்தினால்தான் ஒட்டும் என்று நர்ஸ் விளக்கினார். நம் பக்கம் ஜாதகம் பார்ப்பவர்களிடம் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. அம்மாவுக்கு ஒட்டிவிட்டது. உனக்கு வரும் முடிவுகளில் பெயர் இருக்காதாமே, எண் மட்டும்தானாம். அவற்றில் ஒன்று உன் அம்மா.

அன்று தெரு முழுக்க, மகள் செய்த கருவி அரை மணி நேரத்தில் பதில் சொல்கிறது என்று பெருமைப்பட்டாள். என்ன பதில் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

புற்று வந்துவிட்டதா, வந்திருந்தால் ஆரம்பமா, முற்றியதா என்று அறிய மதுரையில் சதை எடுத்துப் பார்க்கத் தேதி கொடுத்தார்கள். அதற்கு முதல் நாள், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இதுவரை பால்குடமே எடுக்காதவள். காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பூசாரி உடையப்பனிடம் விலக்குக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றால் அம்மன் கோபிக்க மாட்டாள், ஆனால் கட்டிக்கொண்டவர் சம்மதிக்க வேண்டும் என்றார். டாக்டரும் அவள் சம்மதம் வேண்டும் என்றார். அறிவியலும் ஆன்மிகமும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

திருவிழா முடிந்து எல்லோரும் அவிழ்த்துவிட்டார்கள். அம்மா அவிழ்க்கவில்லை. இரண்டாவது தேதியும் போயிற்று. உன் மாமா மருது காரோடு வந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நேற்றுதான் வாய் திறந்தாள்.

“எம் மக வந்து அவுக்கட்டும். அப்பறம் எங்குட்டுக் கூப்பிட்டாலும் வாரேன். இத அவகிட்டச் சொல்லிறாதீக, வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவா.”

அடுத்த மாதம் பெரிய சபையில் உன் கருவியைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னாய். எத்தனையோ பெண்களுக்குப் போய்ச் சேர வேண்டிய காரியம். அதை விட்டுவிட்டு வா என்று நான் எழுதவில்லை.

அம்மா இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டியபோது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த நூல் வளையல்போல் ஏறி இறங்குகிறது. அது தானாகக் கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று பூசாரியிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

நீ நன்றாக இரு, தாயி.

அப்பா
வீரபாண்டியன்