ஹெலிகாப்டருக்குப் போட்ட புகை

9.8.1983, செவ்வாய்

இன்னும் ஆத்திரம் அடங்கல.

காலையில கங்காணி எங்க தோட்டத்து லயத்துக்கு வந்தாரு. "அஞ்சல, உன் விறகுல ஒரு கட்டு குடு. ஹெலிகாப்டர்ல பெரிய அதிகாரி வராரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பைலட்டுக்குத் தெரியணும், புகை போடணும்"னாரு. மூணு ஞாயித்துக்கிழமையா காட்டோரம் பொறுக்கிக் காயவெச்ச விறகு. திடல்ல அதை அடுக்கி, மேல பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்துனதும் நானேதான்.

ஹெலிகாப்டர் எறங்குன வேகத்துல கொடியில காஞ்ச துணியெல்லாம் சேத்துல விழுந்துச்சு. அதிகாரி வந்து நின்னு மலாய்ல என்ன சொன்னாரு? நாங்க விறகு எரிக்கிற புகை மலையைக் கெடுக்குதாம். இனிமே காட்டுல குச்சி எடுத்தாலும் அபராதமாம். கேஸ் அடுப்பு வாங்கிக்கணுமாம்.

என்னால சும்மா இருக்க முடியல. "துவான், நீங்க வந்த வண்டி புகை விடாதா? அதுக்கும் சட்டம் இருக்கா?"ன்னு கேட்டுட்டேன்.

அவரு சிரிச்சாரு. "ரோட்டுல வந்தா அரை நாள் போயிடும்லா"ன்னாரு. பக்கத்துல நின்ன தோட்டத்துத் துரை சிரிக்கல, என்னையே மொறைச்சாரு. நாங்க இருக்கிற வீடு அவரு குடுத்தது. அதை இப்ப நெனைக்க வேணாம்.

சாயங்காலம் கங்காணி திரும்ப வந்தாரு. நாங்க விறகு எடுக்கிறதை நிறுத்திட்டோமான்னு பாக்க அடுத்த மாசம் அதே அதிகாரி வராராம். ஹெலிகாப்டர்லதான்.

புகைக்கு ஒரு கட்டு விறகு எடுத்து வைக்கணுமாம்.